நாற்பது வாட் போதும்

தேனி மாவட்டத்தில் எந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் வீட்டுக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று கேட்டாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ்ணே பாக்குறீங்க?" என்பதுதான். அறை எவ்வளவு பெரிது, என்ன ஸ்பீக்கர் இருக்கிறது, எந்த மாதிரிப் பாட்டுக் கேட்பீர்கள் என்று விசாரிப்பவர் அபூர்வம். வாங்குகிறவர்களும் அந்தக் கேள்விகளை எதிர்பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டில் ஆயிரம் என்றால் நம் வீட்டில் ஆயிரத்து ஐந்நூறு இருக்க வேண்டும், அவ்வளவுதான். வாட் கூடினால் சத்தம் கூடும், சத்தம் கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கை கூடலூரில் தொடங்கி கம்பம், சின்னமனூர் வழியாகத் தேனி வரைக்கும் வேரோடிக் கிடக்கிறது. இதில் முதல் பாதி ஏறக்குறைய தவறு. இரண்டாம் பாதி முழுக்கத் தவறு. உழைத்துச் சேர்த்த காசை இந்த நம்பிக்கைக்குக் கொட்டிவிட்டு, பாட்டைக் கேட்க முடியாமல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கிற வீடுகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

சத்தத்திலிருந்தே தொடங்குவோம். ஆம்ப்ளிஃபையரின் திறனை இரண்டு மடங்காக்கினால் கூடுகிற ஒலி வெறும் 3 டெசிபெல். கூர்ந்து கேட்டால் தெரியும், அதற்கு மேல் ஒன்றுமில்லை. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற சுமார் 10 டெசிபெல் ஏற வேண்டும். அதற்குத் திறன் 10 மடங்காக வேண்டும். ஆக, 50 வாட்டை விட்டுவிட்டு 100 வாட் வாங்குகிறவர் கூடுதல் காசுக்குப் பெறுவது அந்த 3 டெசிபெலைத்தான். அதே 50 வாட்டை வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதை ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி என்கிறார்கள். 85 டெசிபெல் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 91 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்தால் ஆம்ப்ளிஃபையரை நாலு மடங்கு பெரிதாக்கியதற்குச் சமம். இந்த ஓர் எண்ணைக் கடையில் யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் வீட்டுக் கூடம் பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி. 88 டெசிபெல் ஸ்பீக்கர் இரண்டை வைத்து, எட்டடி தள்ளி உட்காருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாட் போனால் உட்கார்ந்த இடத்தில் ஏறத்தாழ 85 டெசிபெல் வந்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கும். வேலை செய்யும் இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு இதுவே உச்ச வரம்பு என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் கேட்கிற நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. ஒரு வாட்டிலேயே இந்த இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

"அப்படியென்றால் ஒரு வாட் ஆம்ப்ளிஃபையர் போதுமா?" என்று கேட்பவருக்கு நியாயமான பதில் உண்டு. போதாது. பாட்டு ஒரே மட்டத்தில் ஓடுவதில்லை. மிருதங்கத்தில் ஒரு அடி விழும்போதும், வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும்போதும் சராசரியைவிட 15 டெசிபெல் வரை தாவும். அந்தக் கணத்துக்கு 30 மடங்குக்குச் சற்று மேல் திறன் வேண்டும். அது கைவசம் இல்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் அலையின் தலையைச் சீவிவிடும். கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது, ட்வீட்டர் எரிவதும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே சேனலுக்கு 30, 40 வாட், அதுவும் தொடர்ந்து தரக்கூடிய உண்மையான வாட் வேண்டும். பெரிய கூடம், மந்தமான ஸ்பீக்கர் என்றால் 80, 100 வரை போகலாம். இதைத் தாண்டி வீட்டுக்குத் தேவை என்று யாராவது சொன்னால் அவர் விற்க வந்தவர்.

இந்த மயக்கம் எப்படி வந்தது? நம் காது திருவிழாவில் வளர்ந்த காது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் விழுந்துவிடும். ஒரு மீட்டரில் ஒரு வாட் தருகிற சத்தத்தை 64 மீட்டருக்கு அப்பால் கேட்க வேண்டுமென்றால் 4000 வாட் தேவை. மைதானத்துக்குக் கிலோவாட் கணக்கில் கொண்டுவந்து இறக்குவது இதனால்தான். ஆனால் கூடத்தில் எட்டடியில் சுவர் நிற்கிறது. அங்கே பார்த்த எண்ணை இங்கே கொண்டுவந்து பொருத்துவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

பழைய மைக்செட்காரரைக் கேட்டால் இன்னொன்றும் சொல்வார். 1976-இல் 'அன்னக்கிளி' படம் வந்தபோது இந்தக் கம்பம் பள்ளத்தாக்கின் கல்யாண வீடுகளில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் 50, 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள்தான் இருந்தன. அந்தப் படத்தின் பாட்டு வயல்வெளியைத் தாண்டி அடுத்த ஊர் வரைக்கும் கேட்டதற்குக் காரணம் வாட் இல்லை. குழாயின் கூம்பு ஒரே ஒரு வாட்டுக்கு 105 டெசிபெலுக்கும் மேல் எழுப்பக்கூடியது. தரத்தைப் பொறுத்தவரை குழாய் மோசம், பேஸ் என்பதே அதில் வராது. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை அந்தத் தலைமுறை மைக்செட்காரர்கள் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். நாம்தான் மறந்தோம்.

இனி அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு வருகிறேன். கோபம் வருகிற இடம் இதுதான். "பி.எம்.பி.ஓ. 5000 வாட்ஸ்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்டென்சரில் தேங்கியிருக்கும் மின்சாரம் ஒரு நொடியின் மிகச் சிறு துளிக்குள் பாய்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று கற்பனையாகப் போட்ட கணக்கு அது. அதற்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. ஆளுக்கொரு கணக்கு. அதே பெட்டியைத் திருப்பி, பின்பக்கத் தகட்டில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 230 வோல்ட், 60 வாட் என்று இருக்கும். சுவரிலிருந்து 60 வாட் இழுக்கிற பெட்டி ஸ்பீக்கருக்கு 5000 வாட் எங்கிருந்து தரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் என்றால் இழுப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும், மீதி ஹீட் சிங்க்கில் சூடாகப் போய்விடும். கிளாஸ் டி வகை பத்தில் ஒன்பது பங்கு வரை தரும். இழுத்ததைவிட அதிகமாகத் தொடர்ந்து தருகிற ஆம்ப்ளிஃபையரை இதுவரை யாரும் செய்ததில்லை, செய்யவும் முடியாது.

அசெம்பிள் செட்டும் இதற்கு விலக்கில்லை. மேல் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதன் மேல் "12-0-12, 2 ஆம்ப்" என்று சீல். இரண்டு பக்கமும் சேர்த்து 24 வோல்ட், பெருக்கினால் 48. பக்கத்தில் 2030 ஐசி இரண்டு. ஒவ்வொன்றும் 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குச் சுமார் 14 வாட் தரக்கூடியது. முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோ 600 என்கிறது. அந்த 14 வாட் கேவலமான சத்தமில்லை, நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் சின்ன அறைக்கு அருமையாகப் பாடும். அதை 14 என்று சொல்லி விற்பதில் என்ன குறைச்சல்? கொஞ்சம் பெரிய போர்டுக்குப் போனால் "5200, 1943 நாலு ஜோடி போட்டிருக்கு" என்பார்கள். அசல் என்றால் நல்ல டிரான்சிஸ்டர்தான். ஆனால் அதற்குச் சொல்லப்படும் 150 வாட் என்பது தாங்கக்கூடிய சூடு. அதுவும் உடல் 25 டிகிரியில் இருந்தால். நம் ஊர் வெயிலில், மூடிய ஷோகேஸுக்குள் அது 25 டிகிரியில் இருக்குமா? சந்தையில் போலிகள் மலிந்து கிடப்பது தனிக் கதை. ஜோடியை எண்ணி வாட் சொல்கிறவரிடம் டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டச் சொல்லுங்கள். சேனலுக்கு 100 வாட் உண்மையாகத் தருகிற செட்டில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே இரண்டு மூன்று கிலோவாவது இருக்கும்.

"நம்ம ஊர்ல வோல்டேஜ் வராது, அதனால பெரிய வாட்ஸா போட்டாத்தான் நிக்கும்" என்றும் ஒரு வாதம் உண்டு. தோட்டங்களில் மோட்டார் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் விழுவது உண்மை. 230 இருந்த இடத்தில் 184 வந்தால் உச்சத் திறன் 36 சதவீதம் குறையும். பெரிதாகத் தெரிகிறதல்லவா? டெசிபெலில் அது 2-க்கும் குறைவு. அதற்காகப் பத்து மடங்கு எண்ணை வாங்கத் தேவையில்லை.

வாங்கிய பிறகு இணைப்பதில் நடப்பது இதைவிட மோசம். 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் நாலை ஒரே சேனலில் பக்கம் பக்கமாகச் சேர்த்துவிடுகிறார்கள். மொத்தம் ஒரு ஓம்ஸ். 4 ஓம்ஸுக்குச் செய்த ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்காது. முதலில் சூடாகும், பிறகு ஃபியூஸ் போகும். அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிவைத்தால் போர்டே போகும். போனதும் "வாட்ஸ் பத்தலை" என்று இன்னும் பெரிய எண்ணைத் தேடிப் போகிறார்கள். திருவிழாவுக்கு வாங்கிய மைக்செட் ஆம்ப்ளிஃபையரில் 100 வோல்ட் என்று போட்ட முனையில் வீட்டு ஸ்பீக்கரை நேராகச் செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த குழாய்களுக்கான முனை. வீட்டு ஸ்பீக்கரின் காயில் அதில் நிற்காது.

ஸ்பீக்கர் முனைகளின் சிவப்பு, கறுப்பு விஷயத்துக்குச் சற்று நேரம் ஒதுக்குகிறேன். "ஏசி சிக்னல்தானே, எப்படிக் கொடுத்தா என்ன?" என்பார்கள். ஒரே ஸ்பீக்கர் என்றால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டு இருந்து ஒன்றில் மட்டும் முனை மாறினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறும். பேஸ் இல்லையே என்று சப் ஊஃபர் வாங்குகிற பல வீடுகளில் குறை இந்த ஒற்றை வயரில்தான் இருக்கிறது. சோதிக்க ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பு முனையிலும் மைனஸ்ஸைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப் என்று ஒரு சத்தம் வரும், ஊஃபரின் கோன் வெளியே தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று உள்ளே இழுத்தால் அதன் முனைகளை மாற்றிக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்தது, செலவு ஒன்றுமில்லை.

வயர் விஷயத்தில் காசைக் கொட்டத் தேவையில்லை. வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 அல்லது 2.5 ஸ்கொயர் செம்பு வயரே கூடத்துக்குப் போதும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஹம்மிங் வந்தால் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் அதன் வழியாகத்தான் வரும். எர்த்தை வெட்டி ஹம்மிங்கை நிறுத்தினால், என்றைக்காவது ஆம்ப்ளிஃபையரின் தகட்டில் கை வைத்த பிள்ளை அதற்கு விலை கொடுக்கும்.

இவ்வளவு ஆத்திரப்படுவதற்குக் காரணம் இந்த மண்ணின் பாட்டு. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா பேஸ் கிட்டாருக்கென்று தனி மெட்டே எழுதியவர். மேலே குரல் ஒரு வழி போகும்போது கீழே அது தன் வழியில் நடக்கும், ஏறும், இறங்கும். 1986-இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பை ஒரு நல்ல ஸ்பீக்கர் ஜோடியில் கேட்டால் ஒவ்வொரு வயலின் வரிசையையும் பிரித்துக் கேட்கலாம். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. மலிவான சப் ஊஃபர் பெட்டிக்கோ ஒரே ஒரு சுருதிதான் தெரியும். எந்த மெட்டு வந்தாலும் அதே "தும் தும்". மெட்டு செத்து அதிர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்துத் தெருக்களிலேயே அவருடைய பேஸ் கிட்டார் யாருக்கும் கேட்காமல் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அட்டைப்பெட்டியில் போடும் பொய் எண்ணை அமெரிக்கா 1974-லேயே சட்டம் போட்டுக் கட்டியது. 2024-இல் அந்த விதியை இன்னும் இறுக்கி, 8 ஓம்ஸில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஒரு சதவீதத்துக்கும் குறைந்த சிதைவில் அளந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது. நம் நாட்டில் 2012-இல் வந்த கட்டாயப் பதிவு ஆணை 2000 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர்களைச் சேர்த்துக்கொண்டது, அதுவும் மின்பாதுகாப்புக்காக. பெட்டியின் மேல் போடும் எண் பொய்யா மெய்யா என்று அது பார்க்கவில்லை. சட்டம் வரும் வரைக்கும் வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.

அடுத்த முறை ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறவர்கள் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்: சேனலுக்கு எத்தனை ஆர்.எம்.எஸ். வாட் (தொடர்ந்து தரும் உண்மையான வாட்), எத்தனை ஓம்ஸில், இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போதா என்று. கூடவே ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் கேளுங்கள். கையில் 100 ரூபாய் இருந்தால் 70-ஐ ஸ்பீக்கருக்கு வையுங்கள். எழுதித் தர மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.