மேற்கோள் எண்ணிக்கை யாருக்குத் தகுதிச் சான்று?

களம்பூரில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்தில் வளர்ந்த ஒரு பெண், எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத்துக்குப் போய்வந்தாள். அம்மா அரிசி ஆலையில் நெல் காயவைக்கிறவர். அப்பா ஆரணியில் கூலிக்குப் பட்டுத் தறி நெய்கிறவர். "இதுவரை எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறாய்? எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டார்களாம். எம்.எஸ்சி. முடித்த பிள்ளையிடம்! ஒன்றுமில்லை என்றதும், "கோட்டா வாசல்வரைக்கும்தான். உள்ளே தகுதிதான்" என்று ஒருவர் சிரித்திருக்கிறார்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல, தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெரிய புவி இயற்பியலாளரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். அவர் கே.ஆர். இராமநாதன். 1893-ல் பாலக்காட்டில் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். சி.வி. இராமனின் மாணவர். பிறகு வானிலைத் துறைக்கு வந்து, ஆக்ராவில் பறக்கவிட்ட பலூன்களின் பதிவுகளை ஆராய்ந்தார். அடிவளி மண்டலத்தின் மேல் எல்லை துருவங்களைவிட பூமத்திய ரேகைக்கு மேலே அதிக உயரத்திலும் அதிகக் குளிராகவும் இருக்கிறது என்று 1929-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1954 முதல் 1957 வரை சர்வதேச புவி இயற்பியல் ஒன்றியத்தின் தலைவர். 1976-ல் பத்மவிபூஷண். இந்த உழைப்பில் ஒரு துளியையும் நாங்கள் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அவர் பிறந்த வீதியையும் பேசுவோம். கல்பாத்தி தேர்வீதியில் ஈழவர்கள் நடக்கக்கூடாது என்று தடுத்தார்கள். 1924-ல் அது பெரிய மோதலாக வெடித்தது. ஈழவருக்கே அந்தக் கதி என்றால், செருமருக்கும் பறையருக்கும் என்ன கதி? பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்ததும் அதே 1924-ல்தான். தெருவில் நடக்கவே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலத்தில், அந்தத் தெருவில் பிறந்த ஒருவருக்குக் கல்லூரியும் ஆய்வுக்கூடமும் திறந்திருந்தன. வீதியை அடைத்தது இராமநாதன் என்று நாங்கள் சொல்லவில்லை. திறந்த வீதியில் ஓடியவரின் வேகத்தையும், அடைத்த வீதிக்கு வெளியே நின்றவரின் வேகத்தையும் ஒரே கடிகாரத்தில் அளக்காதீர்கள் என்கிறோம்.

சரி, அந்தக் கடிகாரமாவது ஒழுங்கானதா? இன்று எல்லோரும் பேசும் எச்-குறியீட்டை 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். உங்கள் கட்டுரைகளில் 20 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால், உங்கள் எண் 20. அவ்வளவுதான். யார் எந்த விடுதியில் தனித்தட்டில் சாப்பிட்டார்கள் என்பது அதில் இல்லை. 1923-ல் இராமனின் ஆய்வுக்கூடத்தில், சிதறிய ஒளியில் மங்கலான ஒரு நிறமாற்றத்தை முதலில் கவனித்தவர் இராமநாதன். அது இராமன் விளைவின் முதல் தடயம். விளைவுக்கு நிலைத்த பெயர் ஆசிரியருடையது. அக்கிரகாரத்துப் பிள்ளையின் பங்கே பெயருக்குள் மறைந்துபோகும் என்றால், ஆய்வுக்கூடத்துக்குள் நுழையவே விடப்படாதவரின் பங்கை எந்த எண் காட்டும்? ஆரணிப் பட்டுப் பெட்டியில் கடைப்பெயர் இருக்கும். நெய்தவர் பெயர் இருக்காது. இது எங்களுக்குப் புதிதல்ல.

இனி சட்டத்துக்கு வருவோம். மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2019-ல் வந்தது. அதன் 4-வது பிரிவு, 'மேன்மைமிகு நிறுவனங்கள்', 'ஆராய்ச்சி நிறுவனங்கள்' என்று ஒரு பட்டியல் போட்டு அவற்றுக்கு விலக்கு தருகிறது. இராமநாதன் முதல் இயக்குநராக இருந்த அகமதாபாத் ஆய்வகம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் இருக்கிறது. கல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் இருக்கிறது. மேகநாத் சாஹா யார்? சாதியின் பெயரால் ஈடன் இந்து விடுதியில் அவமதிக்கப்பட்டவர். அவர் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கே ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு! 2020-ல் ஒரு குழு, ஐ.ஐ.டி.களுக்கும் இந்த விலக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆக, மேன்மை என்றால் நாங்கள் இல்லாத இடம் என்று பொருளா?

மேற்கோள் வேண்டுமென்றால் கட்டுரை வேண்டும். கட்டுரைக்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வேலை வேண்டும். அந்த வேலையை மூடிவைத்துவிட்டு "மேற்கோள் எங்கே?" என்று கேட்பது தகுதித் தேர்வு அல்ல, அடைத்த வீதியின் இன்றைய வடிவம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 4-வது பிரிவில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தரப்பட்ட விலக்கை நீக்குங்கள். அந்த ஆய்வகங்களில் எத்தனை பட்டியலினப் பேராசிரியர்கள், எத்தனை பழங்குடிப் பேராசிரியர்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மேற்கோளை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனிதர்களை எண்ணுவது கஷ்டமா?

எங்கள் பிள்ளை அடுத்த நேர்முகத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். இந்த முறை கேள்வி கேட்பவர்களுக்கும் நாங்கள் கேள்வி வைத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.