ஏரி நீரும் நச்சுப் பாசியும்

நெல் பயிரிடும் நம் அங்கத்தினர்களுக்கு நீலப்பச்சைப் பாசி புதிய பெயரன்று. அது காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்து நெல் வயலுக்கு அளிப்பதை 1939-ஆம் ஆண்டிலேயே பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். அசோலாவின் இலைக்குள் இருந்து உழைப்பதும் அவ்வினமே. ஆனால் அதே குலத்தில் நஞ்சை உண்டாக்கும் வகைகளும் உள்ளன. அவை வயலைவிட ஏரியையே நாடுகின்றன.

பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, சற்றுத் தெற்கே வீராணம் என வடலூர் வட்டாரத்தில் நீர்நிலைகளுக்குக் குறைவில்லை. கோடையில் நீர் தாழ்ந்து, வெயில் ஏறி, அலையின்றித் தேங்கி நிற்கையில், வயல்களிலிருந்து வழியும் உரச்சத்தும் ஊர்ச் சாக்கடையும் வந்து சேருமாயின், இப்பாசி சில நாட்களிலேயே பெருகிவிடும். நீரின்மேல் பச்சை ஆடை படரும்; காற்று ஒதுக்கிய கரையில் அது தடித்து நிற்கும். சாயத் தொட்டியைக் கண்ட நெசவாளருக்கு இந்நிறத்தை விளக்க வேண்டுவதில்லை. கோலை விட்டு எடுத்தால் நூல் நூலாய்த் தொங்குவது பெரும்பாலும் வேறு பாசி. வர்ணம்போல் கோலில் பூசிக்கொள்வதையே ஐயுற வேண்டும்.

அந்நீரில் குளிப்போருக்குத் தோல் அரிப்பும் கண் எரிச்சலும் உண்டாகலாம். விழுங்கினால் வாந்தியும் பேதியும் வரலாம். மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு கல்லீரலைத் தாக்குவது. நீந்தும்போது அதிகம் நீர் விழுங்குவோர் சிறுவர்களே. காய்ச்சினாலும் இந்நஞ்சு அழிவதில்லை. ஆஸ்திரேலிய ஏரியொன்றில் இத்தகைய நீரைப் பருகிய ஆடுகளும் குதிரைகளும் மாண்டதை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-இலேயே எழுதினார். ஆதலின் கறவை மாடு வைத்திருப்போரும் இதைக் கருத வேண்டும். சென்னை மாநகருக்குச் செல்லும் வீராண நீர் வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டே போகிறது. கரையில் குதித்து நீந்தும் நம் சிறுவனுக்கு அத்தகைய காவல் ஏது?

“மயில்துத்தம் போட்டால் தீர்ந்தது” என்பார் உண்டு. ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-இல் அதைத்தான் செய்தனர். நீர்த்தேக்கத்துப் பாசி மடிந்தது. மடிந்த பாசியின் நஞ்சு குடிநீரில் கலந்தது. 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிறுவர். பாசி படர்ந்தபின் மருந்து தேடுவது எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பாசிக்கு உணவு போவதைத் தடுப்பதே வழி. அங்கேதான் கூட்டுறவு சங்கத்தின் கடமை தொடங்குகிறது என்று நாம் கருதுகிறோம். உரத்தைக் கடனுக்கு வழங்குவது நம் சங்கம். எவர் எத்தனை மூட்டை எடுத்தார் என்பதும் நம் பேரேட்டில் இருக்கிறது. மூட்டை விற்பனையோடு பொறுப்பு முடிந்தது என்னும் வாதம் நமக்கு உடன்பாடன்று. மண் பரிசோதனைப்படி அளவு சொல்லியே உரம் வழங்க வேண்டும். மழைக்கு முன்னால் வாரி இறைக்கும் வழக்கத்தை நிர்வாகக் குழுவினர் தம் வயலிலேயே முதலில் நிறுத்த வேண்டும். பச்சை ஆடை கண்ட அன்றே நீர்வளத்துறைக்கும் சுகாதார நிலையத்திற்கும் எழுதி, நீர் தெளியும்வரை குளிக்கவும் மாடு இறக்கவும் வேண்டாமெனக் கரையில் பலகை நாட்டுவதற்குப் பொது நன்மை நிதியிலிருந்து ஒரு சிறு தொகை ஒதுக்கலாம். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே இதனைச் சேர்க்குமாறு தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.