மாணவர்க்கு இடமில்லையா?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துப் பெர்க்லி நகரில், சர்வகலாசாலைக்குச் சொந்தமான 2.8 ஏக்கர் நிலம் ஒன்றைப் பற்றி ஐம்பத்தைந்து வருஷ காலம் சண்டை நடந்தது. அதன் பொருட்டு ஓர் உயிர் போயிற்று. ஒருவர் இரு கண்களையும் இழந்தார். பட்டாளம் வந்து தெருக்களில் நின்றது. கடைசியில் 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, அந்நிலத்தில் மாணவர் விடுதி கட்டத் தடையில்லை என்று மாகாணத்தின் உச்ச நியாயஸ்தலம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு நியாயமானது என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் வெற்றி பெற்றவர்களின் நடத்தை முழுவதும் நியாயமானது என்று சொல்ல நாம் தயாராயில்லை.

பெர்க்லி விவகாரம் நமக்கெதற்கு என்று கேட்கும் நேயர்கள், அவ்வூருக்கும் நமது தேசத்துக்கும் உள்ள பழைய சம்பந்தத்தை நினைவுகூர வேண்டும். 1912-இல், கலிபோர்னியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பொருளீட்டிய ஜ்வாலா சிங் என்னும் பஞ்சாபி விவசாயி, இந்திய வாலிபர்கள் அங்கே கல்வி கற்பதற்கு உபகாரச் சம்பளம் ஏற்படுத்தினார். படிப்புச் செலவோடு சாப்பாடும் ஜாகையும் அதில் அடங்கியிருந்தன. தாம் பள்ளிக்கூடம் அதிகம் காணாத அம்மனிதர், பாடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் போதாது, படிப்பவன் தலைசாய்க்க ஓர் இடமும் வேண்டும் என்பதை அறிந்திருந்தார். பத்து வருஷங்களுக்குப் பின் அதே சர்வகலாசாலைக்குச் சென்ற ஜெயப்பிரகாச நாராயணர் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்து படித்தார். சம்பளத்தை இரட்டிப்பாக்கியதும் செலவு தாங்காமல் ஐயோவாவுக்குப் போய்விட்டார். பிற்காலத்தில் ஜார்ஜ் ஹார்ட் என்ற பேராசிரியர் நமது சங்க நூல்களைக் கற்பித்ததும் இந்தப் பெர்க்லியிலேதான். இன்றும் நமது பிள்ளைகள் பலர் கடன் வாங்கிக்கொண்டு அங்கே போகிறார்கள்.

சண்டையின் மூலத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். 1967-இல் சர்வகலாசாலை அந்நிலத்தைச் சட்டத்தின் பலத்தால் கையகப்படுத்தியது. அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். விடுதி கட்டுவதாகவும் விளையாட்டிடம் அமைப்பதாகவும் யோசனைகள் இருந்தன. ஆனால் வீடுகளை இடித்த வேகம் கட்டுவதில் இல்லை. மழை பெய்தால் சேறாகும் அந்த வெற்றிடத்தில் மோட்டார் வண்டிகள் நின்றன. 1969 ஏப்ரலில் மாணவரும் ஊராரும் சேர்ந்து மண்ணைக் கொத்திப் புல்லும் செடியும் வைத்தார்கள். ஜனங்களின் பூங்கா என்று பெயரும் இட்டார்கள். ரொனால்டு ரீகன் அப்போது கவர்னர். பின்னால் அமெரிக்காவின் ஜனாதிபதியானவர். மே மாதம் 15-ந் தேதி விடியுமுன் போலீஸார் வந்து வேலி போட்டார்கள். அன்று பகல் ஜனங்கள் திரண்டபோது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. கூரைமேல் நின்றுகொண்டிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்னும் இருபத்தைந்து வயது வாலிபர் சுடப்பட்டுச் சில தினங்களில் இறந்தார். ஆலன் பிளாஞ்சார்டு என்னும் தச்சர் பார்வையிழந்தார். காயமடைந்தோர் நூற்றுக்கு மேல். தேசீயக் காவற்படையினர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊருக்குள் வந்தனர். ஹெலிகாப்டரிலிருந்து கண்ணீர்ப் புகையும் பொழியப்பட்டது. தடியடியும் துப்பாக்கிப் பிரயோகமும் இன்னதென்று அறிந்த நமது தேசத்தாருக்கு, அந்த மே மாதத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் அந்நிலத்தில் விடுதி எதுவும் எழும்பவில்லை. பூங்கா வீடற்றவர்களின் தங்குமிடமாயிற்று. இதற்குள் சர்வகலாசாலையின் மாணவர் தொகை ஏறக்குறைய 45,000 ஆகிவிட்டது. அவர்களில் நாலில் ஒருவருக்குக்கூடச் சர்வகலாசாலை இடம் கொடுக்க இயலவில்லை. கலிபோர்னியா சர்வகலாசாலையின் கிளைகள் எல்லாவற்றிலும் இவ்விஷயத்தில் பெர்க்லியே கடைசி. மற்ற மாணவர்கள் வாடகை விஷமாய் ஏறும் அவ்வூரில் வீட்டுக்காரர்களின் தயவை நாட வேண்டியதுதான். 2021 செப்டம்பரில்தான், சுமார் 1,100 மாணவர்களுக்கு விடுதியும், அதன் பக்கத்தில் ஏழைகளுக்கும் வீடற்றவர்களுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட சிறு வீடுகளும் கட்டி, நிலத்தில் பாதிக்கு மேல் திறந்த வெளியாகவே விடுவதென்ற திட்டம் நிர்வாகிகளால் அங்கீகரிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் மரங்களை வெட்டத் தொடங்கியவுடன் கூட்டம் வேலியைத் தள்ளிற்று, வேலை நின்றது.

இதன் பிறகு வந்த வாதமே விசேஷமானது. கட்டடத்தை எதிர்த்த இரு சங்கத்தார் கோர்ட்டுக்குப் போய், மாணவர்கள் இராக்காலத்தில் கூத்தடித்து இரைச்சல் போடுவார்கள், அந்த இரைச்சலால் சுற்றுப்புறம் கெடும், அதை ஆராயாமல் அனுமதி கொடுத்தது தவறு என்றார்கள். 2023 பிப்ரவரியில் அப்பீல் கோர்ட்டு இதை ஏற்றுக்கொண்டது! வேறு இடங்களை ஏன் பரிசீலிக்கவில்லை என்று அக்கோர்ட்டு கேட்டதில் நியாயமுண்டு; அதற்குச் சர்வகலாசாலை நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஆலைப் புகையையும் சாக்கடை நீரையும் அளக்கிற கோலால் மனிதக் குரலை அளப்பது எந்த நீதி? இன்று மாணவன் இரைச்சல் என்றால், நாளை குழந்தைகள் நிறைந்த ஏழைக் குடும்பம் இரைச்சல். மறுநாள் வேற்றுப் பாஷை பேசுபவன் இரைச்சல். குறிப்பிட்ட ஜாதியார் நமது தெருவில் குடியிருக்கலாகாது என்று சொல்ல வாய் கூசுகிறவர்கள், சத்தம், நாற்றம், சுகாதாரம் என்று வேறு பெயர்களைச் சொல்லுவது நமக்குப் புதிதல்லவே.

இந்த ஆயுதத்தை முன்பே ஒரு முறை வேறு சங்கத்தார் ஓங்கியிருந்தார்கள். 2021 ஆகஸ்டில் ஒரு நியாயாதிபதி, மாணவர் தொகை முந்திய வருஷத்து அளவுக்கு மேல் போகக்கூடாதென்று உத்தரவிட்டார். 2022 மார்ச்சில் உச்ச நியாயஸ்தலமும் அதை நிறுத்தி வைக்க மறுத்தது. சுமார் மூவாயிரம் பேரின் இடம் பறிபோகும் நிலைமை ஏற்பட்டது. சட்டசபை சில தினங்களில் அவசரச் சட்டம் செய்து காப்பாற்றியிராவிட்டால், தேர்ச்சி பெற்றும் வாசலில் நின்ற அவ்வாலிபர்களுக்கு யார் பதில் சொல்லுவது? இத்தனைக்கும் ஆதாரமான சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் பிறந்தது. அதற்குக் கையொப்பமிட்டவர் பூங்காவுக்குப் படை அனுப்பிய அதே ரீகன்தான். மரத்தையும் ஆற்றையும் காக்கப் பிறந்த நல்ல சட்டம், சொந்த வீடுள்ளவர்கள் வீடில்லாதவர்களை எட்ட நிறுத்தும் வேலியாக மாறுமென்று அவரும் எண்ணியிருக்க மாட்டார்.

2023 செப்டம்பரில், குடியிருப்போர் எழுப்பும் சப்தம் சுற்றுப்புறக் கேடாகாது என்று மாகாணச் சட்டசபை செய்த சட்டம் அமலாயிற்று. உச்ச நியாயஸ்தலத்தின் தீர்ப்புக்கு இதுவே அடிப்படை. ஆனால் அத்தீர்ப்பு வரும்வரை சர்வகலாசாலை பொறுத்திருக்கவில்லை. 2024 ஜனவரி 4-ந் தேதி நள்ளிரவில் பெரும் போலீஸ் படையுடன் பூங்காவுக்குள் புகுந்து, உள்ளே இருந்தவர்களை அப்புறப்படுத்தி, கப்பலில் சரக்கேற்றும் பெரிய இரும்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிலத்தைச் சுற்றிலும் கோட்டை எழுப்பிற்று. நியாயம் தன் பக்கம் இருக்கிறதென்று நம்பும் ஸ்தாபனம் ஏன் இருட்டில் வர வேண்டும்? 1969-இல் விடியுமுன் வேலி போட்டதன் பலன் மறந்துபோயிற்றா? மாணவர்க்குப் பிரஜாதர்மத்தைப் போதிக்க வேண்டிய கலாசாலை, அதன் முதற்பாடத்தை இரும்புப் பெட்டியால் எழுதியது வெட்கக்கேடு.

பூங்காவைக் காக்க நின்றவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. இரத்தம் சிந்திய இடத்தை மறக்க மாட்டோம் என்பது கேவலமான எண்ணமன்று. தேசீயச் சரித்திரச் சின்னங்களின் ஜாபிதாவில் 2022-இல் அவ்விடம் சேர்க்கப்பட்டதும் உண்மை. ஆனால் 1969-இல் மண்வெட்டி எடுத்தவர்கள் எதை எதிர்த்தார்கள்? நிலத்தைப் பிடுங்கி வெறுமனே போட்டு வைத்த அதிகாரத்தை எதிர்த்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளான மாணவர்கள் தங்கும் இடத்தை எதிர்ப்பதற்கு அவர்கள் பெயரைச் சொல்லுவது பொருந்தாது. போராளிகளில் பலர் வீடற்றவர்களின் பொருட்டே நின்றார்கள். அவர்களுக்கு அருகே, வீட்டுமனை மதிப்பு குறையாதிருக்க வேண்டுமென்பவர்களும் நின்றார்கள். இவ்விரு கூட்டத்தாரும் ஒரே கோஷம் போட்டதில் யாருக்கு லாபம் என்பதை முன்னவர்கள் யோசித்திருக்கலாம்.

இனிக் கவனிக்க வேண்டியது ஒன்று. மாணவர் விடுதி 2027-இல் திறக்கப்படுமென்று அதிகாரிகள் சொன்னார்கள். ஏழைகளுக்கான வீடுகளோ, அவற்றைக் கட்ட முன்வந்த தர்ம ஸ்தாபனம் தாமதத்தால் விலகிக்கொண்டமையால் பின்தங்கிவிட்டன. திட்டத்துக்கு ஊராரின் ஆதரவைச் சம்பாதித்துக் கொடுத்தது இந்த வீடுகளைப் பற்றிய வாக்குறுதியே. கோர்ட்டில் ஜயம் கிடைத்துவிட்டபடியால் இனி அது தேவையில்லை என்று நிர்வாகிகள் நினைப்பார்களாயின், அன்று இடித்த வீடுகளுக்குச் சொல்லாத கணக்கோடு இதுவும் சேரும். விடுதிக்கு அஸ்திவாரம் போட்ட அதே கையால், அந்த நூற்றுச் சொச்சம் வீடுகளுக்கும் தேதி குறிக்கும்படி அங்குள்ள மாணவர் சங்கங்களே முதலில் கேட்க வேண்டும்.