ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் தேவஸ்தான உத்தியோகமும்

சித்தூர் மாவட்டத்தின் கங்காதர நெல்லூர், பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. தெலுங்கோடு தமிழும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புறக் கிராமங்களில் கங்கம்மாள் ஜாத்திரையும் ஞாயிற்றுக்கிழமை ஜெபமும் அக்கம்பக்கமாகவே நடக்கின்றன. கூலி உழைப்பை நம்பி வாழும் குடும்பத்திற்குத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தில் ஒரு வேலை என்பது, தலைமுறையையே கரையேற்றும் வாழ்வாதாரம். அந்த வேலையில் இருப்போரிடம்தான் இன்று கேட்கப்படுகிறது: உன் ஞாயிற்றுக்கிழமை எங்கே கழிகிறது?

2024 நவம்பர் 18 அன்று கூடிய தேவஸ்தான அறங்காவலர் குழு, இந்து அல்லாத ஊழியர்களை வேறு அரசுத் துறைகளுக்கு மாற்றவோ விருப்ப ஓய்வில் அனுப்பவோ முடிவெடுத்தது. 2025 பிப்ரவரியில் 18 ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதிகாரி ஒருவர் சொந்த ஊர்த் தேவாலயத்திற்கு ஞாயிறுதோறும் சென்றார் என்பதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அம்மாதமே மேலும் நால்வர் பணியிடை நீக்கத்துக்கு ஆளாயினர். அவர்களுள் மருத்துவமனைச் செவிலியரும் மருந்தாளுநரும் உண்டு.

தேவஸ்தானத் தரப்புக்குச் சட்ட ஆதாரமே இல்லை என்று கூறிவிட முடியாது. மத நிறுவனம் ஒன்றின் விவகாரங்களோடு தொடர்புடைய பதவியை அம்மதத்தினருக்கே உரியதாக்கும் சட்டத்தை அரசமைப்பின் 16(5) பிரிவு அனுமதிக்கிறது. இந்துக்களையே பணியமர்த்த வேண்டும் என்ற தேவஸ்தானப் பணி விதி 1989ஆம் ஆண்டினது. கருவறையிலும் மடைப்பள்ளியிலும் நம்பிக்கையாளரே பணியாற்ற வேண்டும் என்று பக்தர்கள் விரும்புவதில் குறை காண்பதற்கில்லை. பணி நேரத்தில், பணியிடத்தில் மதப் பிரச்சாரம் செய்பவர் எம்மதத்தவராயினும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியவரே.

ஆனால், எலும்பு முறிந்து வந்தவருக்குக் கட்டுப்போடும் செவிலியரின் பணி எந்த ஆகமத்தில் அடங்கும்? மருத்துவமனைகள், கல்லூரிகள், பொறியியல் பிரிவு என விரிந்து கிடக்கும் நிர்வாகம் முழுவதையும் கருவறையாகக் கருதுவது, 16(5) என்ற விதிவிலக்கைக் கொண்டு 25ஆவது பிரிவின் மனச்சான்று உரிமையையே விழுங்குவதாகும். விடுமுறை நாளில் சொந்த ஊரில் முழந்தாளிடுவது எவருடைய வழிபாட்டையும் அவமதிப்பதாகாது.

ஊழியர்கள் ஏன் நம்பிக்கையை மறைக்கிறார்கள் என்று ஏளனமாகக் கேட்போர், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையைப் படிக்க வேண்டும். அது முதலில் இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்துவத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். தேவஸ்தானத் தீர்மானம் வெளியான எட்டாம் நாள், 2024 நவம்பர் 26 அன்று, ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேவாலயத்திற்குப் போனாலும் சாதி அவர்களை விடுவதில்லை. சான்றிதழ் மட்டும் பறிபோகிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, பொய்யன் என்று பழி சுமத்துவது என்ன நியாயம்?

மரியாதை என்பதற்கு நீதிமன்றமே ஓர் இலக்கணம் தந்திருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் ஒலிக்கையில் எழுந்து நின்றனர், பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. ஆந்திர உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ஓ. சின்னப்ப ரெட்டி இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு, 1986இல் அப்பிள்ளைகளை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. எழுந்து நின்றதே மரியாதை. உதடு அசையாததால் அது குறைந்துவிடவில்லை. தன் பணியை ஒழுங்காகச் செய்யும் ஊழியருக்கும் இந்த அளவுகோலே பொருந்தும்.

ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளரின் பணி நிரந்தரக் கோரிக்கை காத்துக் கிடக்கையில், தேவாலய வாசலில் ஆள் கணக்கெடுப்பது யாருக்கு உதவும்? உழைப்பாளரை மதத்தால் பிரிக்க நினைப்போருக்கே உதவும். பணியிடை நீக்கங்களைத் திரும்பப் பெற வேண்டும். சடங்கோடு தொடர்புடைய பணியிலிருந்து மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் மாற்ற வேண்டும். பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கச் சொன்ன ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் 2007ஆம் ஆண்டுப் பரிந்துரையை ஒன்றிய அரசு நிறைவேற்ற வேண்டும். அச்சமின்றித் தன் நம்பிக்கையைச் சொல்ல இயலும் ஊழியரிடமே பிறர் நம்பிக்கைக்கான மரியாதையையும் எதிர்பார்க்க முடியும்.