ஏப்ரல் மாத ஜோசியம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நீளப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது) ரசிகர்களுக்கு ஏப்ரல் வந்தால் ஒரு வியாதி. வசந்தகாலப் பயிற்சி முடிந்த மறுநாளே "இந்த வருஷம் நம்ம டீம்தான்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் சுத்தமாக நம்பிக்கை இல்லை.

கொலராடோவையே பாருங்கள். 2022-இல் 12 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார்கள். பிறகு டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்தார். 2023 ஏப்ரலில் சொந்த அணியே இரண்டாகப் பிரிந்து ஆடிய பயிற்சி ஆட்டத்துக்கு 47,000 பேருக்கு மேல் வந்தார்கள். பயிற்சி ஆட்டத்துக்கு! அவர் மகன் ஷெடூர்தான் குவார்ட்டர்பேக். பந்தை அழகாகவே எறிந்தார்.

எறியாமல் என்ன? பயிற்சியில் குவார்ட்டர்பேக்கை யாரும் இடித்துத் தள்ளுவதில்லை, அடிபட்டுவிடும் என்ற பயம். சீசனில் எதிரணி அந்தத் தயவு காட்டுமா? 52 முறை அவரைப் பிடித்துச் சாய்த்தார்கள். முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்த அணி கடைசியில் 4 வெற்றி, 8 தோல்வி.

2024-இல் 9 ஜெயித்தார்களே என்பீர்கள். வாஸ்தவம்தான். 2025-இல் மறுபடி மூன்று. :-)

அடுத்த ஏப்ரலில் யாராவது என்னிடம் குவார்ட்டர்பேக் புராணம் பாடினால், அவருக்கு முன்னால் அரணாக நிற்கப்போகும் அந்த ஐந்து பேர் யார் என்றுதான் கேட்பேன்.