திருடன் தொழிலை மறந்திருக்கும் காலம்

கணினி விளையாட்டைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் எழுதப் புகுவோர் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நாம் அதைச் செய்யப்போவதில்லை. பயோவேர் நிறுவனம் உருவாக்கி 2000 செப்டம்பரில் வெளிவந்த 'பால்டர்ஸ் கேட் 2' என்ற ஆட்டத்தில், மனிதப் பாத்திரம் தொழில் மாறுவதற்கென்று ஒரு விதி இருக்கிறது. அந்த விதியின் பேரில் நம் நண்பர்களுக்குள் மூண்ட சச்சரவு ஒரு மாதமாகியும் அடங்கவில்லை. நம் தரப்பை எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

விதி இதுதான். ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தொழில் உண்டு: போர்வீரன், திருடன், மந்திரவாதி, இப்படி. எல்ஃப் முதலான பிற இனத்தார் முதல் நாளிலிருந்தே இரண்டு தொழில்களைச் சேர்த்துப் பயிலலாம். இரண்டிலும் மெல்ல வளர்வார்கள். மனிதருக்கு அந்தச் சலுகை கிடையாது. மனிதன் ஒன்றை விட்டுவிட்டுத்தான் மற்றொன்றைத் தொட முடியும். ஆட்டக்காரர்கள் இதை 'டூயல் கிளாஸ்' என்பார்கள். விடும் தொழிலுக்குரிய பண்பு குறைந்தது 15, தொடப்போகும் தொழிலுக்குரியது குறைந்தது 17 இருந்தாக வேண்டும். திருடன் மந்திரவாதியாக வேண்டுமென்றால் கைலாகவம் 15, அறிவு 17. மாறிய கணமே புதிய தொழிலில் அவன் முதல் நிலையில் நிற்கிறான். உடல் வலு மட்டும் மிஞ்சுகிறது. பழைய தொழில் அடியோடு மறந்துபோகிறது. பூட்டைத் திறக்க வராது, நிழலில் ஒளிய வராது, முதுகில் குத்த வராது. புதிய தொழிலில் பழைய நிலையைத் தாண்டும் அன்று எல்லாம் ஒருசேரத் திரும்பி வரும். ஆனால் அதற்குப் பிறகும் பழைய தொழில் வளராது. விட்ட இடத்திலேயே நின்றுவிடும்.

இத்தனை தொல்லைக்கு ஒருவன் ஏன் உடன்பட வேண்டும்? ஒளிந்து செல்லும் பாத்திரத்தை விரும்புகிறவர்களுக்குப் பதில் தெரியும். வெறும் திருடன் நிழலில் ஒளிவது பகடையின் தயவில். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒளிய முடியாது. ஒளிந்து ஒரு குத்துக் குத்தினால் வெளிப்பட்டுவிடுவான். மந்திரவாதிக்கோ மறைவதற்குப் பகடை வேண்டாம், இரண்டாம் தரத்து மந்திரமே போதும். பன்னிரண்டாம் நிலையில் ஆறாம் தரத்து மந்திரங்கள் கைக்கு வருகின்றன. அவற்றுள் 'மிஸ்லீட்' என்று ஒன்று. தன்னைப் போலவே ஒரு பொய்யுருவைக் களத்தில் நிறுத்திவிட்டு, குத்தக் குத்தக் கலையாத மறைவில் இவன் உலாவலாம். ஆனால் முதுகில் குத்தும் வித்தை மந்திரவாதியிடம் இல்லை, திருடனிடம் உண்டு. ஆகவே, திருடன் தொழிலைக் கைவிட்ட திருடனே ஆட்டத்தின் மிகச் சிறந்த திருடனாகிறான். இந்த முரணுக்காகவே அந்த விதியை மன்னித்துவிடலாம்.

திட்டமிட வேண்டியது எங்கே விடுவது என்பதைத்தான். முதுகில் குத்தினால் விழும் அடி ஐந்திலிருந்து எட்டாம் நிலைவரை மும்மடங்கு, ஒன்பதில் நான்மடங்கு. ஏழாம் நிலைக்கு 40,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அங்கே விட்டால் மந்திரவாதியாக எட்டாம் நிலையை எட்ட 90,000. ஆகமொத்தம் 1,30,000 புள்ளிகளில் மறதி தீரும். ஒன்பதாம் நிலைவரை பொறுத்திருந்தால் 1,10,000, அதன்மேல் மந்திரவாதியின் பத்தாம் நிலைக்கு 2,50,000, மொத்தம் 3,60,000. ஒரு மடங்கு கூடுதல் அடிக்காக 2,30,000 புள்ளிகள். இரண்டாம் பாகத்தைப் புதிதாகத் தொடங்குபவருக்கு 89,000 புள்ளிகள் கையில் இருக்கும். திருடன் எட்டாம் நிலையில் நிற்பான், ஒன்பது மிக அருகில் தெரியும். அந்த அருகாமைதான் பலரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஏழு அல்லது எட்டில் விட்டுவிடுவதே நம் கட்சி. பூட்டு, பொறி, ஒளிதல் மூன்றுக்கும் புள்ளிகளைப் பங்கிடும்போது கை கடிக்கத்தான் செய்யும். எவ்வளவு திருட்டு ஆயுள் முழுமைக்கும் போதும் என்ற கேள்விக்கு அங்கே விடை சொல்லியாக வேண்டும்.

சச்சரவு இதிலல்ல. நண்பர் ஒருவர் ஆறு பக்கத்தில் ஒரு திட்டம் தயாரித்து அனுப்பினார். இந்த ஆட்டத்தில் மந்திரச் சுருளைப் பார்த்துத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டாலே மந்திரவாதிக்கு அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். எனவே திருடனாக இருக்கும்போதே கண்ட சுருளையெல்லாம் பையில் சேர்த்துக்கொண்டே போவது. தொழில் மாறும் அன்று ஏதாவதொரு சத்திரத்தில் உட்கார்ந்து அத்தனையையும் எழுதித் தீர்ப்பது. மறதிக் காலத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் ஒரே மாலையில் விழுங்கிவிடுவது. கணக்கில் குற்றமில்லை. சரிபார்த்தோம். ஆனாலும் நமக்கு அது பிடிக்கவில்லை.

காரணம் சொல்ல, விதி பிறந்த இடத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும். இது கணினிக்காக எழுதப்பட்ட விதியன்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்காக கேரி கைகாக்ஸ் எழுதிய 1978ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே இருக்கிறது. அதே நூலில் பாணன் ஆக விரும்புகிறவன் முதலில் வீரனாகவும் பிறகு திருடனாகவும் வாழ்ந்து முடித்திருக்க வேண்டும் என்று இருப்பது, கவிஞர்களைப் பற்றிய சரியான கணிப்பாகவே நமக்குப் படுகிறது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே பழைய தொழில் உண்மையில் மறப்பதில்லை. கை அறியும். பயன்படுத்தவும் செய்யலாம். ஆனால் பயன்படுத்தினால் அந்த மோதலுக்குரிய அனுபவம் கிடைக்காது, அந்தப் பயணம் முழுமைக்குமான அனுபவத்தில் பாதியும் போய்விடும். பூட்டிய கதவு, உள்ளே சிக்கிய தோழன், அந்தப் பூட்டைத் திறக்கத் தெரிந்த விரல்கள், திறந்தால் போய்விடும் இத்தனை நாள் படிப்பு. கணினி இந்தச் சபலத்தை இழந்துவிட்டு வெறும் மறதியாக்கிக்கொண்டது. நமக்கு அதில் வருத்தம்தான். என்றாலும் மறதியாவது எஞ்சியதே என்று ஆறுதல் கொள்கிறோம்.

மறதி அந்த விளையாட்டின் குருதியிலேயே இருக்கிறது. அங்கே மந்திரவாதி காலையில் மனனம் செய்த மந்திரம், சொன்னவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலிலிருந்து எடுத்தாளப்பட்ட கற்பனை இது. தொழில் மாறியவனின் ஊடாட்டத்துக்கும் இலக்கிய முன்னோடி உண்டு: ஃபிரிட்ஸ் லீபரின் கிரே மௌசர். 1962இல் வந்த 'தி அன்ஹோலி கிரெயில்' கதையில் அவன் ஒரு கிராமத்து மந்திரவாதியின் சீடன்; குரு கொல்லப்படுகிறார்; பின்னாளில் நாம் அறியும் அவன், கள்வனும் வாள்வீரனும். மந்திரத்திலிருந்து திருட்டுக்கு, எதிர்த்திசைப் பயணம். வான்ஸ், லீபர் இருவருக்கும் கைகாக்ஸ் 1979ஆம் ஆண்டு நூலின் பின்னிணைப்பில் நன்றிக்கடன் தீர்த்திருக்கிறார்.

ஆட்டத்துக்குள்ளேயே இமோயன் இருக்கிறாள். முதல் பாகத்தில் கூடவே ஓடிவரும் குறும்புக்காரத் திருடி. அறிவு 17, மாறுவதற்குத் தகுதி உண்டு, மாற்றுவதும் மாற்றாததும் நம் விருப்பம். இரண்டாம் பாகம் தொடங்கும்போது அவள் ஏற்கெனவே மந்திரவாதி. திருட்டு ஏழாம் நிலையில் நின்றுபோயிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நம்மைக் கேட்காமலே நடந்துவிட்டது. நிலவறையிலிருந்து தப்பி நகரத்தின் வெளிச்சத்துக்கு வந்ததும், உரிமமின்றி மந்திரம் பயன்படுத்தியதாக அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். உரிமத்தின் விலை 5,000 பொன் என்பது பிறகுதான் தெரிகிறது. திருடியாக எத்தனையோ பூட்டுகளைத் திறந்தபோது அகப்படாதவள், புதிய தொழிலின் முதல் நாட்களில் சிறைப்படுகிறாள். புதுத்தொழிலில் ஒருவருக்குத் திறமை மட்டுமல்ல, எங்கே அடக்கி வாசிக்க வேண்டும் என்பதும் தெரியாது. இதை எழுதியவர்கள் தெரிந்தே எழுதினார்களோ என்னவோ, நமக்கு இந்த இடம் மிகப் பிடிக்கும்.

இரண்டாம் பாகம் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2000 ஆகஸ்டில், மேசை விளையாட்டின் மூன்றாம் பதிப்பு வெளியாகி அந்த விதியைக் கைவிட்டது. 2023இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில் எந்தத் தொழிலையும் எதனோடும் கலக்கலாம். பண்புக் கணக்கும் கிடையாது, மறதியும் கிடையாது. பன்னிரண்டு நிலைகளுக்குள் குளூம் ஸ்டாக்கர் வகைக் காடோடியையும் கொலையாளியாகிய திருடனையும் இணைத்து ஒளிந்து தாக்கும் பாத்திரம் ஒன்றைச் சமைக்கலாம்; சுவையாகவும் இருக்கும். சரிவரவில்லையா, விதர்ஸ் என்ற எலும்புருவிடம் 100 பொன் கொடுத்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். நாமும் ஆடினோம், மகிழ்ந்தோம். ஆனால் பாத்திரம் எப்போது மாறியது என்று பிற்பாடு நினைவுகூர முடியவில்லை.

இதையெல்லாம் ஆறு பக்கத் திட்டத்தின் ஆசிரியரிடம் சொன்னோம். அவர் வாதாடவில்லை. வேறொன்று சொன்னார். இளமையில் அவர் கடைப் பலகைகளுக்குத் தூரிகையால் எழுத்து வரைந்துகொண்டிருந்தவர். ஃபிளெக்ஸ் பேனர் வந்து ஊரை மூடியபோது கணினி வரைகலை படிக்கப் போனார். தன்னைவிடப் பத்து வயது இளைய பிள்ளைகளோடு உட்கார்ந்து, மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு ஆண்டுகள். இன்று அத்தொழிலில் அவர் நல்ல நிலையில் இருக்கிறார். போன வருடம் ஒரு நண்பரின் கடைக்காக மறுபடி தூரிகை எடுத்திருக்கிறார். 'ழ'வின் சுழியில் கை நின்றுவிட்டதாம். "பழசு திரும்ப வரும்னு அந்த ஆட்டத்துல எழுதியிருக்கு. சீக்கிரம் வரட்டுமேன்னுதான் அந்தச் சுருளெல்லாம். மெதுவா வந்தா என்ன அழகுன்னு நீங்க சொல்றீங்க, சொல்லுங்க" என்றார்.

நம் கட்சியை நாம் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் மறதிக் காலத்தை ரசிக்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதில் முன்பிருந்த உறுதி இப்போது இல்லை. விட்டது சேதமின்றித் திரும்பும் என்று விதியே வாக்குக் கொடுத்த பிறகுதான் நாம் அதன் அழகைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவர் ஆட்டத்தில் திருடன் சத்திரத்துக்கு வந்துவிட்டான். பையில் சுருள் நிறைந்திருக்கிறது. நம் ஆட்டத்தில் ஏழாம் நிலைத் திருடன் இப்போது ஆறாம் நிலை மந்திரவாதி. தோல்கவசத்தைக் கழற்றிவிட்டு அங்கி அணிந்திருக்கிறான். இரு தொழிலுக்கும் பொதுவான ஆயுதம் என்பதால் தடி மட்டும் கையில் அதேதான். நேற்றிரவு பூட்டிய பெட்டி ஒன்றின் முன்னால் வெகுநேரம் நிறுத்தி வைத்திருந்தோம். திறக்கவில்லை. பெட்டி இருக்கும் அறையைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டோம்.