விதுரர் யார் பக்கம்?



“கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றார்?” என்று 2015-ல் எல்லோரும் கேட்டார்கள். 2017-ல் இரண்டாம் பாகம் வந்து பதில் சொல்லிவிட்டது. சிம்மாசனத்துக்கு அடிமையாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்த பரம்பரை, ராஜமாதா உத்தரவு போட்டார், கொன்றுவிட்டார். இப்பவும் டிவியில் அந்தப் படம் போட்டால் நம்ம பசங்க “கட்டப்பா பாவம்டா” என்று சொல்றாங்க. ஆனால் அதைவிடப் பழைய கதையில், அதைவிடக் கஷ்டமான இடத்தில் ஒருவர் இருந்தார். அவர்தான் மகாபாரதத்தில் வரும் விதுரர், அஸ்தினாபுரத்து மந்திரி.

விதுரர் அரண்மனைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் பாண்டவர்களுக்கு உதவி செய்தவர், அதனால் அவர் இரட்டை வேடம் போட்டவர் என்று சிலர் சொல்றாங்க. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தச் சபையில் உண்மையான விசுவாசி அவர் ஒருவர்தான் என்பது என் கருத்து. ஏன் என்று எழுதுகிறேன்.

திருதராஷ்டிரன், பாண்டு, விதுரர் மூன்று பேருக்கும் அப்பா வியாசர்தான். அம்மாதான் வேறு வேறு. மற்ற இரண்டு பேரின் அம்மாக்கள் அரசிகள். விதுரரின் அம்மா அரண்மனையில் வேலை செய்த பணிப்பெண். மூத்தவருக்குக் கண் தெரியாது என்பதால் பாண்டுவை அரசனாக்கினார்கள். அறிவிலும் ஒழுக்கத்திலும் விதுரருக்கு எந்தக் குறையும் கிடையாது. ஆனாலும் வேலைக்காரி மகன் என்று அவருக்குப் பட்டம் கட்டவில்லை. கடைசியில் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நின்று புத்தி சொல்லும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. பாண்டுவுக்குப் பிறகு திருதராஷ்டிரன் ஆண்டார். இப்போது விதுரருக்கு ஒரு பக்கம் சோறு போடும் அண்ணன். இன்னொரு பக்கம் இறந்துபோன அண்ணனின் பிள்ளைகள். இரண்டும் ஒரே ரத்தம். யார் பக்கம் நிற்பது?

அவரைத் துரோகி என்பவர்கள் முதலில் சொல்வது அரக்கு மாளிகை விஷயம். வாரணாவதத்தில் அரக்கு மாளிகை கட்டி, பாண்டவர்களையும் குந்தியையும் அங்கே தங்க வைத்து, தூங்கும்போது கொளுத்திவிட வேண்டும் என்பது துரியோதனன் திட்டம். விதுரர் மற்றவர்களுக்குப் புரியாத பேச்சில் தருமரை எச்சரித்தார். சுரங்கம் தோண்டத் தெரிந்த ஆளையும் அனுப்பி வைத்தார். “மந்திரி ரகசியத்தை வெளியே விடலாமா?” என்று கேட்கிறார்கள். அது என்ன ரகசியம் என்று முதலில் பார்க்க வேண்டாமா? ஆறு பேரை உயிரோடு எரிக்கிற ரகசியம். அதைக் காப்பாற்றினால் அதற்குப் பெயர் விசுவாசமா? அந்தக் கொலை நடந்திருந்தால் பழி முழுக்கத் திருதராஷ்டிரன் தலையில்தான் விழுந்திருக்கும். அதனால் விதுரர் அன்றைக்குத் தன் அண்ணனையும் சேர்த்துத்தான் காப்பாற்றினார்.

அடுத்தது சூதாட்டம். வேண்டாம் என்று முதலிலேயே சொன்னவர் விதுரர். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், கிருபர் இருந்தார். எவ்வளவு பெரிய வீரர்கள்! பீஷ்மர் “தர்மம் நுட்பமானது” என்று சொல்லி நழுவிவிட்டார். கௌரவர்களில் விகர்ணன் என்ற தம்பி மட்டும் எதிர்த்துப் பேசினான். விதுரரும் பேசினார். கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வாயை மூடிக்கொண்டு தலையைக் குனியவில்லை.

பாண்டவர்கள் காட்டுக்குப் போன பிறகு, “நாட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்” என்று விதுரர் சொன்னார். திருதராஷ்டிரனுக்குக் கோபம் வந்து, “எங்கே வேண்டுமானாலும் போ” என்று சொல்லிவிட்டார். விதுரர் நேராகப் பாண்டவர்களிடம் போய்விட்டார். கொஞ்ச நாளில் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை, சஞ்சயனை அனுப்பிக் கூப்பிட்டார். விதுரர் திரும்பியும் வந்துவிட்டார்!

ஏன் வந்தார்? இதை நான் ரொம்ப யோசித்தேன். காட்டிலேயே இருந்திருந்தால் நல்லவர்களோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் தருமருக்குப் புத்தி சொல்ல ஆள் எதுக்கு? கண் தெரியாத அந்த அண்ணன் பக்கத்தில் சகுனியும் துரியோதனனும் மட்டும் இருந்தால் என்ன ஆவது? உண்மையைச் சொல்ல ஒரு ஆளாவது வேண்டும் என்றுதான் வந்திருப்பார். குந்தியும் அந்தப் பதின்மூன்று வருஷமும் விதுரர் வீட்டில்தான் இருந்தார். போருக்கு முன்னால் தூக்கம் வராத ஒரு ராத்திரி திருதராஷ்டிரன் கூப்பிட்டு அனுப்பியதும் விதுரரைத்தான். அன்றைக்கு அவர் சொன்னதுதான் விதுர நீதி.

திருக்குறளில் அமைச்சு என்று 64-ஆவது அதிகாரமே இருக்கிறது. அரசன் சொன்னதைக் கேட்காவிட்டாலும், தனக்கே தெரியாதவனாக இருந்தாலும், நல்லதை எடுத்துச் சொல்வது அமைச்சன் கடமை என்று அதில் வருகிறது. கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசன், கெடுக்க எதிரி இல்லாவிட்டாலும் தானாகவே கெட்டுப்போவான் என்று இன்னொரு குறளும் உண்டு. விதுரர் செய்தது இதைத்தான்.

கிருஷ்ணன் தூது கூத்து பார்த்தவர்களுக்கு அடுத்தது தெரியும். கிருஷ்ணன் துரியோதனன் மாளிகைக்குப் போகாமல் விதுரர் வீட்டில் தங்கிச் சாப்பிட்டார். துரியோதனன் ஆத்திரத்தில் சபையிலேயே விதுரரின் பிறப்பைச் சொல்லித் திட்டினான். வில்லிபாரதத்தில் விதுரர் அப்போது தன் வில்லை முறித்துப் போட்டுவிடுகிறார். அவர் எதிரிப் படையில் போய்ச் சேரவில்லை. உனக்காகவும் அம்பு விட மாட்டேன் என்று மட்டும் காட்டிவிட்டார். பீஷ்மரும் துரோணரும் மனசைப் பாண்டவர்களிடம் வைத்துக்கொண்டு, செஞ்சோற்றுக் கடன் என்று துரியோதனனுக்காகச் சண்டை போட்டார்கள். இப்போ சொல்லுங்கள், யார் இரட்டை வேடம்?

ஒன்று கவனித்தீர்களா? விதுரர் சொன்ன நியாயத்துக்குத் துரியோதனனிடம் பதில் இல்லை. அதனால்தான் அவருடைய அம்மாவை இழுத்தான். இது இப்பவும் நடக்குது. ஒரு பிள்ளை சரியான ஒன்றைச் சொன்னால், “நீ யார் வீட்டுப் பிள்ளை, நீ வந்து சொல்றியா?” என்று வாயை அடைக்கிறார்கள். அப்படிக் கேட்டாலே, அவள் சொன்னதில் தப்பு இல்லை என்று அர்த்தம்.

தோழிகளே, நாமும் தினமும் இப்படி இரண்டு பக்கத்துக்கு நடுவில்தான் நிற்கிறோம். லீடர் பலகையில் பெயர் எழுதினால் “போட்டுக் கொடுக்கிறாள்” என்கிறோம். அது சின்ன விஷயம், விட்டுவிடலாம். ஆனால் ஒரு தோழி வந்து, “வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறாங்க, யாரிடமும் சொல்லாதே, சத்தியம் பண்ணு” என்று அழுதால் என்ன செய்வீர்கள்? 18 வயசு ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். சத்தியத்தைக் காப்பாற்றினால் அவள் படிப்பு போய்விடும். டீச்சரிடம் சொன்னால், 1098-க்கு போன் செய்தால், அவளே கொஞ்ச நாள் நம்மோடு பேசாமல் போகலாம். என்னைக் கேட்டால் சொல்லத்தான் வேண்டும் என்பேன். அரக்கு மாளிகைக்குள் இருக்கிறவளிடம் சத்தியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரம் இல்லை. சுரங்கம்தான் தோண்ட வேண்டும்.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் காரணத்தோடு எழுதி அடுத்த இதழுக்குக் கொடுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி